காலை 9.45: டெல்டாவில் ஓர் ஒன்றியத்தின் ஆசிரியர்களும் அலுவலகமும்

2022 நவம்பரில் பெய்த மழையை டெல்டாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மாதம் அது. எங்கள் ஒன்றியம் அங்கிருந்து தெற்கே, திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே அந்த அளவுக்குப் பெய்யவில்லை. ஆனாலும் வாய்க்கால்கள் கரை தொட்டு ஓடின, சம்பா வயல்கள் ஏரி மாதிரிக் கிடந்தன. விடுமுறை விட்ட நாட்கள் போக, மழை கொஞ்சம் விட்டுப் பள்ளி திறந்த ஒரு காலையில்தான் நான் சொல்லப்போகும் விவகாரம் ஆரம்பித்தது.

அது ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. 38 பிள்ளைகள். தலைமையாசிரியை அன்று வட்டார வள மையத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற கற்பித்தல் திட்டத்துக்கான பயிற்சியில் இருந்தார். பள்ளியில் இருந்தது இடைநிலை ஆசிரியை ஒருவர் மட்டும். பிள்ளைகளில் பாதிப் பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து வருகிறவர்கள். நடுவில் உள்ள மதகின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய அம்மாக்கள் நாற்று அழுகிய இடங்களில் மறுபடி நட விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டார்கள். ஆசிரியை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். சத்துணவுச் சமையலர் அம்மாவும் கூட இறங்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கியும், பெரிய பிள்ளைகளைக் கைகோக்க வைத்தும் 19 பேரை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

திருப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே என்று பின்னால் நானே அவரிடம் கேட்டேன். “வீடு பூட்டிக் கிடக்குது சார். அந்தப் பக்கமே விட்டா வாய்க்கா ஓரத்துலதான் விளையாடுங்க” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளைகளின் தலையைத் துவட்டி உட்கார வைத்துவிட்டு, அடிபம்புப் பக்கம் குடையோடு போய் நின்று (அந்தப் பள்ளியில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான்) செயலியில் வருகையைப் பதிந்து முடித்தபோது மணி 10.20. எங்கள் ஒன்றியத்தில் அப்போது இருந்த கெடு 9.45.

பன்னிரண்டு மணிக்கு ஒன்றிய வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்தது. தாமதமாகப் பதிந்த ஆறு பள்ளிகளின் பெயர்கள், சிவப்பு நிறத்தில், பொறுப்பாசிரியர் பெயரோடு. சாயங்காலம் குறிப்பாணை. ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும்.

அப்போது நான் அதே ஒன்றியத்தில் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். என் பள்ளிதான் குறுவள மையம், அதனால் சனிக்கிழமைப் பயிற்சிக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அங்கே வருவார்கள். அந்த ஆசிரியையும் வந்தார். கோடு போட்ட தாளில் எழுதிய விளக்கக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். தாமதத்துக்கான காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அதன் கீழே தண்ணீரைக் கடந்து கொண்டுவந்த 19 பிள்ளைகளின் பெயர்களையும் வகுப்போடு வரிசையாக எழுதியிருந்தார். “பேரெல்லாம் வேணாமோ சார்?” என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர்கள் ஆய்வுக் கூட்டம். ஒரு நடுநிலைப்பள்ளிக் கூடத்தில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஐம்பது வயதைத் தாண்டிய தலைமையாசிரியர்கள் முட்டி மடங்காமல் உட்கார்ந்திருந்தோம். சிவப்புப் பட்டியலில் வந்த பள்ளிகள் எழுந்து நிற்கச் சொல்லப்பட்டன. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை எழுந்து, மழை, மதகு என்று ஆரம்பித்தார். வட்டாரக் கல்வி அலுவலர் கேட்டார்: “மழை உங்க ஊர்ல மட்டும்தான் பேஞ்சுதாம்மா?”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. கூட்டம் முடியும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொல்ல அலுவலர் மறந்துவிட்டார். அடுத்த ஒன்றரை வருடம் எங்கள் ஒன்றியத்தில் எந்த ஆசிரியரிடம் பேசினாலும் இந்த ஒரு வாக்கியம் வந்துவிடும்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறிப்பாணையும் ஒரு சுடுசொல்லும்தான். இதற்கு ஓர் ஒன்றியத்தின் ஆசிரியர்கள் அத்தனை பேரும் மனம் விட்டுப்போவார்களா என்று வெளியில் உள்ளவர்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முன்பே இருந்த காயங்கள்

அந்த ஆசிரியை 2009 ஜூன் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர். அந்தத் தேதிக்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், பின்னால் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இந்த வித்தியாசத்துக்காக எத்தனையோ முறை சென்னையில் உண்ணாவிரதம் இருந்து பார்த்துவிட்டார்கள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் கிடையாது, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம்தான். 2020-இல் உயர்கல்விக்கான ஊக்க ஊதியமும் போனது, ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் வாங்குவதும் நின்றது. இவற்றில் எதுவும் எங்கள் வட்டார அலுவலகத்தின் கையில் இல்லை. ஆனால் இவ்வளவும் மனதில் இருக்கிற ஒருவருக்குத்தான் குறிப்பாணை போய்ச் சேருகிறது.

அப்புறம் 2019. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் ஜனவரி 22 முதல் 30 வரை நடந்தது. எங்கள் பக்கத்திலும் 17பி (பெரிய தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வாங்கினவர்கள் உண்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கைதானவர்களும் உண்டு. 2021 பிப்ரவரியில் நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. தாள் அளவில் அது முடிந்த கதை. ஆனால் அதற்குப் பின் ‘குறிப்பாணை’ என்ற சொல் ஆசிரியர் காதில் விழுகிற விதமே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் மெமோ வந்தால் ஏஇஓ (வட்டாரக் கல்வி அலுவலரை அப்போது அப்படித்தான் சொல்வோம்) ஆபீசுக்குப் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு, வரும் வழியில் டீ குடித்துவிட்டு வருவோம்.

அந்த ஆபீசே அதற்குள் இரண்டு முறை உருமாறியிருந்தது. 2018-இல் அரசாணை 101 வந்தபோது மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பணியிடமே எடுக்கப்பட்டு, தொடக்கப்பள்ளிகள் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழும் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழும் போயின. 2022-இல் அரசாணை 151 வந்து தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் என்று மறுபடி பிரித்தார்கள். பிரித்தது நல்லதுதான், நாங்கள் கேட்டதும் அதுதான். ஆனால் கோப்புகள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக மாதங்கள் ஆயின. யாருடைய தேர்வுநிலை (பத்து வருடப் பணிக்கான ஊதிய உயர்வு) கோப்பு எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத காலத்தில்தான் மழையும் வந்தது.

எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததும் அதே 2022 ஜூனில். திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கொரோனாவில் இரண்டு வருடம் வீட்டில் கிடந்த பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிக்கச் சொன்னது சரியான யோசனை. பாடலும் ஆட்டமுமாக என் பள்ளியிலேயே பிள்ளைகள் எழுத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். சிரமம் எங்கே என்றால், மதிப்பீட்டை அலைபேசியில் பிள்ளை பிள்ளையாகப் பதிய வேண்டியிருந்தது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு போனையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்விசாராப் பணிக்கு அனுப்பக்கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கு மட்டும் விலக்கு. போனில் பதிவதைக் கல்விப் பணி என்பதா, கல்விசாராப் பணி என்பதா? அந்தச் சட்டத்தை எழுதிய 2009-இல் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது.

மனம் விட்டுப்போனது எப்படித் தெரிந்தது

எங்கள் ஒன்றியத்தில் யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கறுப்புப் பட்டை அணிவதாகச் சொன்னதும் பேச்சோடு நின்றது. எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள், நேரத்துக்குப் பதிந்தார்கள். அலுவலகத்தின் கணக்கில் அந்த டிசம்பரும் ஜனவரியும் மிக நல்ல மாதங்கள்.

நான் பார்த்தது வேறு. குறுவள மையத்தின் பொறுப்பில் இருந்ததால் நாலைந்து பள்ளிகளுக்குப் போய்வருவேன். பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு தை மாதமும் பிள்ளைகளை அறுவடை வயலுக்குக் கூட்டிப்போவார். நெல்லில் எத்தனை ரகம், ஒரு கதிரில் எத்தனை மணி என்று எண்ண வைப்பார். திரும்பி வந்து கையெழுத்துப் பத்திரிகை ஒன்று போடுவார்கள். பதினோரு வருடம் விடாமல் செய்தார். அந்தத் தையில் போகவில்லை. ஏன் என்றேன். “எதுக்கு சார்? யாராவது போட்டோ எடுத்துப் போடுவாங்க, யார் அனுமதி கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. கேட்டதை மட்டும் செஞ்சுட்டுப் போயிடலாம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொரு பள்ளியில் நோட்டுகளைப் புரட்டினேன். தேதி போட்டிருந்தது, எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருந்தது, பார்வையிட்ட கையொப்பம் இருந்தது. அக்டோபர் வரைக்கும் அதே நோட்டில் சிவப்பு மையில் ‘அழகாக எழுதியிருக்கிறாய்’, ‘ழ-வை மறுபடி எழுதிப் பார் கண்ணு’ என்று இருந்தது. அதன் பிறகு வெறும் டிக். ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பது டிக்கைத்தானே என்று அந்த ஆசிரியை நினைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை வைத்திருந்த பெண்பிள்ளை இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இந்த விவகாரம் ஒன்றுமே தெரியாது, ஆனால் இழந்தது அவள்தான்.

ஆசிரியர்களின் மனச்சோர்வை யாராவது அளக்க வேண்டுமென்றால் கேள்வித்தாள் கொடுக்காதீர்கள், நோட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அலுவலரின் பக்கம்

அலுவலரைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். அவர் பதவி உயர்வில் வந்தவர் இல்லை, போட்டித் தேர்வு எழுதி நேரடியாக வந்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. வேறு மாவட்டத்துக்காரர், குடும்பம் ஊரில். ஒன்றியத்துக்கு இரண்டு வட்டாரக் கல்வி அலுவலர் இருக்க வேண்டும், ஒரு பணியிடம் காலி. இரண்டு பேர் வேலையையும் அவரே பார்த்தார். அரசு வண்டி கிடையாது, சொந்த பைக்தான்.

வெளியில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒன்றியப் பள்ளி ஆசிரியரின் சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, விடுப்பு, கடன் விண்ணப்பம் எல்லாமே இந்த ஒரு அலுவலகத்தில்தான். குறிப்பாணை வருவதும் அங்கிருந்துதான். அதனால் ஆசிரியர் ஒருவர் அலுவலரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், அடுத்த மாத ஊதிய உயர்வு பட்டியலில் ஏறுமா என்ற பயம் கூடவே வரும். அலுவலர் அப்படிப் பழிவாங்குகிறவராக இல்லாவிட்டாலும் பயம் பயம்தான். எங்கள் அலுவலர் யாருடைய பணப்பலனையும் வேண்டுமென்றே நிறுத்தியதில்லை, இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அவர் மேசையில் கோப்புகள் தேங்கிக் கிடந்தன. தேங்கியது பகையால் என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். ஆள் இல்லாததால் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கல் கழித்து ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனபோது மணி ஆறு. காணொலிக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாவட்டப் பட்டியலில் எங்கள் ஒன்றியம் கடைசியில் இருப்பதாகவும், இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்றும் மற்ற ஒன்றிய அலுவலர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க ஒரு குரல் கேட்டது. இவர் “சரிங்க ஐயா, சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “கேட்டுட்டீங்களா சார்?” என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றது என் நினைவுக்கு வந்தது.

9.45 எங்கிருந்து வந்தது

பிப்ரவரியில் சங்கப் பொறுப்பாளர்கள் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தார்கள். தொடக்கக் கல்விக்கென்று புதிதாக வந்தவர் அவர். மனுவை வாங்கி மேலொப்பம் போட்டு அனுப்பிவிடாமல் ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். வட்டார அலுவலர், சங்கப் பொறுப்பாளர்கள், சில தலைமையாசிரியர்கள், அந்த ஆசிரியை எல்லாரையும் வரவழைத்தார். முதல் ஒரு மணி நேரம் வழக்கமான குற்றச்சாட்டுகளும் பதில்களுமாகப் போயிற்று. அதன் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “இந்த 9.45-ஐ யார் சொன்னது?”

வட்டார அலுவலர், மாவட்டத்திலிருந்து வந்தது என்றார். மாவட்ட அலுவலர் தன் போனை எடுத்துப் பார்த்தார். மாவட்டம் சொல்லியிருந்தது 10.30. மாநிலத்திலிருந்து வந்த அறிவுரையில் அன்றன்று காலையில் தவறாமல் பதிய வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது, நிமிடக் கணக்கு இல்லை. மாவட்டம் தன் பாதுகாப்புக்கு 10.30 என்று வைத்தது. வட்டாரம் அதற்குள் முடிய வேண்டுமே என்று 9.45 வைத்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, உங்கள் குறுவள மையக் குழுவில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் என் போனைத் திறந்து காட்டினேன். ‘அனைவரும் 9.30-க்குள் முடிக்கவும்.’ போட்டது நான். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. என் மையத்துப் பள்ளி எதுவும் சிவப்பில் வந்துவிடக்கூடாது என்ற பயத்தில் நானாகப் போட்டது.

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தனக்கு மேலே இருப்பவருக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நறுக்கியிருக்கிறோம். நறுக்கியதெல்லாம் சேர்ந்து, மதகில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. பெயரோடு பட்டியல் போடச் சொல்லியும் மேலிருந்து யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது மாலையில் ஓர் எண்ணிக்கை மட்டும்.

இந்த விவகாரத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான். ஆசிரியர்களின் மனம் புண்பட்டதற்குக் காரணமான கொடுமைக்காரர் என்று யாரும் அங்கே இல்லை, தேடினாலும் கிடைக்க மாட்டார். பயம் மேலிருந்து கீழே வரும் வழியில் தடிமன் ஏறிக்கொண்டே வந்தது. தடுத்து நிறுத்தும் இடத்தில் இருந்தவர்கள், என்னையும் சேர்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி அனுப்பினோம்.

அதன் பிறகு

குழுவில் பெயர்ப் பட்டியல் போடுவது அன்றோடு நின்றது. பதிவு வராத பள்ளிக்கு அலுவலகத்திலிருந்து முதலில் ஒரு போன் போக வேண்டும், ‘என்ன ஆச்சு டீச்சர்’ என்று கேட்ட பிறகுதான் தாள். மழைநாளில் காகித வருகைப் பதிவேடு இருந்தால் போதும், செயலியில் மாலைக்குள் ஏற்றலாம். கெடு 10.30-க்கே போனது. பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் ஒரு பாடவேளை வகுப்பில் உட்கார வேண்டும் என்பதும் பேசப்பட்டது. அது பாதி நாள்தான் நடந்தது.

ஆனால் உண்மையில் காற்று மாறியது வேறொன்றால். மாதத்தின் முதல் சனிக்கிழமை குறைதீர் நாள் என்று வைத்து, தேங்கிய கோப்புகளை அலுவலர் ஒவ்வொன்றாக எடுத்தார். பத்து வருடம் முடித்தவர்களின் தேர்வுநிலை, இருபது வருடத்துக்கான சிறப்புநிலை, வருங்கால வைப்புநிதி முன்பணம். ஆள் போதவில்லை என்று முதல் சனிக்கிழமையே வாய் திறந்து சொன்னார். உடனே கணக்கு தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் அவர்களாகவே வந்து பணிப்பதிவேடுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதினோரு கோப்புகள் கிளியர் ஆயின. தேர்வுநிலை நிலுவை கைக்கு வந்த ஓர் ஆசிரியர் அலுவலகத்துக்கே ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். அறிவுரையும் தியான வகுப்பும் கொடுத்து ஆசிரியரின் மனதைத் தேற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அவருக்கு உரியதை உரிய தேதியில் கொடுங்கள், பாதி மனம் தானாகத் தேறும்.

அடுத்த தையில் அறுவடை வயலுக்குப் பிள்ளைகள் போனார்கள். கையெழுத்துப் பத்திரிகை வந்தது, பழைய அளவுக்கு இல்லை, எட்டே பக்கம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் அரசாணை 243 வந்து, ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பை மாநில அளவுக்குக் கொண்டுபோனது. பதவி உயர்வு வேண்டுமென்றால் தெரியாத மாவட்டத்துக்குப் போக வேண்டுமோ என்று ஆசிரியைகள் கலங்கினார்கள். 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் தகுதித் தேர்வில் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்தில் இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் மறுபடி கோச்சிங் நோட்டை வாங்கினார்கள். ஒரு வட்டார அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கெல்லாம் மருந்து அவர் கையில் இல்லை.

அந்தக் குறிப்பாணையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆசிரியை கொடுத்த விளக்கத்துக்குப் பதில் வரவே இல்லை. நடவடிக்கை எடுக்கவும் இல்லை, கைவிட்டதாக எழுதவும் இல்லை. “எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா, யாரும் பாக்கப்போறதில்ல” என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு குறைதீர் நாளிலும் வந்து, விளக்கம் ஏற்கப்பட்டது என்று ஒரு வரி வேண்டும் என்று மனு கொடுத்தார். நான்கு மனு. அலுவலர் மாறுதலில் போவதற்கு முந்தின நாள் அந்த ஆணையில் கையெழுத்திட்டார். என்னைக் கூப்பிட்டு, அதைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கலாமா, இல்லை தபாலில் அனுப்புவதா என்று கேட்டார். போய்க் கொடுங்கள் என்றேன்.

பைக்கில் போனார். மதகு வழியாகத்தான் போக வேண்டும், அப்போது சித்திரை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆசிரியை ஆணையை வாங்கிப் படித்துவிட்டு, விளக்கக் கடிதத்தோடு இணைத்திருந்த பெயர்ப் பட்டியல் கோப்பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். இருக்கிறது என்றாராம் அலுவலர். “அதுல மூணாவது பேரு இவன்தான் சார்” என்று பக்கத்தில் நின்ற பையனைக் காட்டியிருக்கிறார்.